ஓநாய் கிழிக்காத சட்டை

 

இஷாத் தொழுகைக்குப் பின் நம் வீடுகளில் யாஸீன் ஓதும் ஓசை கேட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அந்த நேரத்தில் கைப்பேசிகளிலிருந்து துப்பறியும் தொடர்களின் ஓசையே கேட்கிறது. அத்தொடர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவற்றில் சிலவற்றை நானும் பார்த்ததுண்டு. கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உறக்கம் கெட்டு, மனம் நொந்து, குடும்பத்தைப் பிரிந்த காவல் அதிகாரி ஒருவர் வருவார். அடுத்தடுத்து ஐயத்துக்கிடமான மரணங்கள் நிகழும். இறுதியில் கொலையாளி அகப்படுவான். அவன் சிறுவயதில் வதைபட்ட பிள்ளை என்று தெரியவரும். அத்துடன் தொடர் முடியும். பார்த்தவர்களும் உறங்கப் போவார்கள்.

ஆனால் உறங்கப் போக முடியாத தாய் ஒருவர் மதுரை கோச்சடையிலிருந்து மடல் வரைந்திருக்கிறார். வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையில் இருக்கும் ஊர் அது. கான்சாகிபு அடங்கியிருக்கும் சம்மட்டிபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. நெல்வயலும் தென்னந்தோப்புமாக இருந்த நிலமெல்லாம் இன்று அடுக்கு வீடுகளாகிவிட்டன. அப்படியொரு வீட்டிலிருந்துதான் அச்சகோதரி எழுதுகிறார். பெயரும் கதவிலக்கமும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் இங்கே நான் அவற்றை வெளியிடப் போவதில்லை.

அவருடைய கணவரின் தம்பி மனைவி, திருமணமான இரண்டாம் ஆண்டில், வேறோர் ஊரிலுள்ள கணவர் வீட்டில் மௌத்தாகிவிட்டார். இருபத்து மூன்று வயது. மாரடைப்பு என்று சொன்னார்கள். காலையில் செய்தி, அஸருக்கு முன் அடக்கம். பள்ளி விடுமுறைக்காக அந்த வீட்டுக்குப் போயிருந்த இச்சகோதரியின் ஒன்பது வயது மகன் திரும்பி வந்தபின் பழைய பிள்ளையாக இல்லை. இரவில் படுக்கை நனைகிறது. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் போக மறுக்கிறான். ஒருநாள் நள்ளிரவில், "சின்னம்மா கதவைத் தட்டிக்கிட்டே இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவன், அதன்பின் அதுபற்றிப் பேசவேயில்லை. ஏழு மாதங்கள் ஆகின்றன.

சகோதரி மூன்று கேள்விகள் கேட்கிறார். மூத்த மகன் பார்க்கும் தொடர்களை இவனும் போர்வைக்குள்ளிருந்து பார்க்கிறானாம். சிறுவயதில் பயங்கரத்தைக் கண்ட பிள்ளை நாளை அந்தத் தொடர்களில் வருபவனைப் போல ஆகிவிடுவானா? இது முதல் கேள்வி. பையனிடம் துருவிக் கேட்பதா, மறக்க விடுவதா? இது இரண்டாவது. அடக்கம் செய்த மையித்தைப் பற்றி விசாரணை கேட்பது பாவமா? இது மூன்றாவது. வீட்டுப் பெரியவர்கள் "அல்லாஹ் நாடியது நடந்துவிட்டது, ஸப்ரு செய்யுங்கள்" என்று கூறிவிட்டார்களாம்.

முதல் கேள்விக்கு விடை கூறுவது எளிது. ஆகமாட்டான் சகோதரி. அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற அறிஞர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 1989இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார். வதைபட்டும் கைவிடப்பட்டும் நீதிமன்றம் வரை வந்த 908 பிள்ளைகளை, அத்தகைய துன்பம் பதிவாகாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வளர்ந்தபின் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். மற்றக் கூட்டத்தில் 8 பேர். வேறுபாடு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் வதைபட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 89 பேர் அந்த வழியில் போகவில்லையே! தொடர் எடுப்பவர்களுக்கு அந்த 89 பேரால் பயனில்லை. அவர்களை வைத்துக் கதை பண்ண முடியாது.

அப்படியானால் சிறுவயதுக் காயம் எங்கே போகிறது? பெரும்பாலும் உள்நோக்கியே போகிறது. பெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் சான் டியேகோ நகரில் ஆயிரக்கணக்கானோரிடம் அவர்களது பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். அடி, பழிப்பு, மானக்கேடான தொல்லை, தாய் அடிபடுவதைக் காண்பது, வீட்டில் குடி முதலியவற்றில் நான்கு வகைத் துன்பங்களையேனும் கண்டவர்களிடம், பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. காயம்பட்ட பிள்ளை பிறரைக் கொல்வதைவிடத் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொள்வதே அதிகம். ஆகவே உங்கள் மகன் நாளை என்ன செய்வான் என்று அஞ்சுவதை விட்டுவிட்டு, இன்று அவன் என்ன படுகிறான் என்று பாருங்கள்.

இதைப் படிக்கும்போது திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் உங்கள் நெஞ்சில் எழாமல் இராது. உடன்பிறந்தவர்களே ஒரு பிள்ளையைக் கிணற்றில் தள்ளினார்கள். வழிப்போக்கர்கள் எடுத்துச் சில வெள்ளிக் காசுகளுக்கு விற்றார்கள். அடிமை வாழ்வு, அவதூறு, சிறை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. சிறுவயதுக் காயம் மனிதனைக் கொடியவனாக்கும் என்பது விதியாயிருந்தால், யூசுப் நபி (அலை) அவர்களல்லவா அதற்கு முதற் சான்றாகியிருக்க வேண்டும்? அவர்களோ பஞ்ச காலத்தில் ஒரு நாட்டுக்கே சோறு போட்டார்கள். கிணற்றில் தள்ளிய கைகளிலும் தானியம் அளந்து கொடுத்தார்கள்.

அந்த அத்தியாயத்தை நாம் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே வஅளு மேடைகளில் கேட்டுப் பழகிவிட்டோம். அது ஒரு விசாரணையின் வரலாறும் ஆகும். இரவில் அழுதுகொண்டு வந்த பிள்ளைகள், ஓநாய் தின்றுவிட்டது என்று கூறி, பொய் இரத்தம் பூசிய சட்டையைக் காட்டினார்கள். யாகூப் நபி (அலை) அவர்கள் அந்தச் சட்டையை உற்றுப் பார்த்தார்கள். அதில் ஓர் இடத்திலும் கிழிசல் இல்லை என்பதைக் கண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமலா தின்றது? அழுகையையும் கேட்டார்கள், சட்டையையும் பார்த்தார்கள், சட்டையைத்தான் நம்பினார்கள். பின்னொரு நாள் மிஸ்ரு நாட்டில் இன்னொரு சட்டை வருகிறது. அது முன்புறம் கிழிந்திருக்கிறதா பின்புறம் கிழிந்திருக்கிறதா என்பதைக் கொண்டே யூசுப் நபியின் மீது சுமத்திய பழி பொய்யென்று தெளிவாயிற்று.

யாகூப் நபி அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதே யாகூப் நபி, ஆண்டுகள் பல சென்றபின்னும், பிள்ளைகளை அழைத்து, யூசுபையும் அவர் தம்பியையும் பற்றித் துருவி விசாரித்து வாருங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற கருத்தில் ஏவி அனுப்புகிறார்கள். ஸப்ரும் விசாரணையும் ஒரே நெஞ்சில் இருந்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஸப்ரை எடுத்துக்கொண்டு விசாரணையை விட்டுவிட்டார்கள்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒருவர் ஐயத்துக்கிடமாக இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு சொன்னது. "நூத்தியெழுபத்துநாலு போட்டிருக்காங்க" என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 194ஆம் பிரிவாகிவிட்டது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, நிர்வாக நடுவருக்குத் தகவல் தந்துவிட்டுப் பிரேதம் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். அக்கம் பக்கத்துப் பெரியவர்கள் இருவரையேனும் வைத்துக்கொண்டு, உடலில் என்னென்ன காயங்கள், எதனால் ஏற்பட்டிருக்கலாம் என்று எழுத வேண்டும். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமாக இறந்தாலோ, உறவினர் எவரேனும் கோரினாலோ, உடலை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இது 1983இல் சேர்க்கப்பட்ட விதி. வரதட்சணைச் சாவுகள் பெருகிய காலத்தில், பெண்களைப் பெற்றவர்களின் கண்ணீரால் வந்தது. இத்தகைய மரணங்களில் கோட்டாட்சியர் நேரில் விசாரிப்பதும் அதனால்தான். நீங்கள் கூறும் மரணத்தில் இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஏனெனில் காவல் நிலையத்துக்கு எவரும் தகவல் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஒளிப்பதற்காகவே என்று நான் முடிவுகட்டவில்லை. நம்மவர்க்குப் பிரேதப் பரிசோதனை என்றாலே நடுக்கம். மையித்தை அறுப்பார்களே, அந்நியர் கை படுமே, அடக்கம் தாமதமாகுமே என்ற கவலை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற பொருளில் வரும் நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அந்த மரியாதை உணர்வு உயர்வானது. அதை இழந்துவிடக் கூடாது. ஆனால் அந்த நபிமொழியை அறியாதவர்களா சவூதி அரேபிய மூத்த உலமாக்கள்? குற்றம் நடந்ததா என்று அறிவதற்காகப் பிரேதப் பரிசோதனை செய்வது ஆகும் என்று அவர்களின் சபை 1976இல் முடிவு கூறியது. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு சபையும் 1987இல் அவ்வாறே கூறியது. உயிரோடிருப்பவரின் உரிமையையும் பிறர் உயிரின் பாதுகாப்பையும் எண்ணியே அவ்வாறு கூறினார்கள். ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்பதும் மரணத்தில் ஐயமில்லாத இடத்துக்கே. நீரில் மூழ்கியவர், திடுமெனச் சாய்ந்தவர் போன்றோரின் நிலை தெளிவாகும்வரை பொறுத்திருக்க வேண்டுமென்று பழைய ஃபிக்ஹு நூல்களே கூறுகின்றன.

இந்த அவசரம் நம் சமூகத்துக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்துக் கூடத்தாயியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் 2002 முதல் 2016 வரை ஆறு பேர் இறந்தனர். அவர்களில் இரண்டு வயதுக் குழந்தையும் ஒன்று. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. எல்லாரும் அழுதார்கள், அடக்கம் செய்தார்கள். ஆறில் ஒரே ஒரு மரணத்துக்கு, 2011இல் இறந்தவருக்கு மட்டும், உறவினர் ஒருவர் பிடிவாதம் பிடித்ததால் பிரேதப் பரிசோதனை நடந்தது. உடலில் சயனைடு இருந்தது. ஆயினும் தற்கொலை என்று கோப்பை மூடிவிட்டார்கள். பிடிவாதம் பிடித்த அந்த உறவினரும் 2014இல் இறந்தார். பின்னர் 2019இல், இறந்தவரின் தம்பி கொடுத்த மனுவின் பேரில், கோழிக்கோடு ஊரகக் காவல் கண்காணிப்பாளர் கே.ஜி. சைமன் தலைமையில் பழைய கோப்பைத் திறந்தார்கள். கல்லறைகளைத் தோண்டினார்கள். குற்றவாளி யார் என்று தீர்ப்புரைப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் அதில் புகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தோண்டி எடுத்த நால்வரின் எச்சங்களில் சயனைடு காணப்படவில்லை என்று 2023இல் மத்தியத் தடய அறிவியல் ஆய்வகம் அறிக்கை தந்தது. ஆண்டுகள் கடந்தால் மண் எதையும் மிச்சம் வைப்பதில்லை. வழக்குக்கு உயிர் கொடுத்தது, 2011இல் ஒருவர் பிடித்த பிடிவாதத்தால் கிடைத்த அந்த ஒற்றைத் தாள்தான்.

ஆகவே சகோதரி, விசாரணை கேட்பது பாவமன்று. ஏழு மாதமென்பது நெடுங்காலம்; ஆயினும் கடந்துவிட்ட காலமன்று. கழுத்தெலும்பு முறிவு போன்றவை மண்ணுக்குள்ளும் நிலைத்திருக்கும். நடுவரின் உத்தரவின் பேரில், மருத்துவரை வைத்து, கபுரைத் திறந்து பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. மனுவை இறந்த பெண்ணின் பெற்றோர் கொடுப்பது சிறப்பு. அவர்கள் தயங்கினால் நீங்களே கொடுக்கலாம். அந்த ஊர்க் காவல் நிலையம் ஏற்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் கோட்டாட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்குரைஞரை அமர்த்தித் தரவேண்டுமென்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே கேட்கலாம். வெறும் மாரடைப்புத்தான் என்று விசாரணையில் தெளிந்தால், அதுவும் நன்மையே. ஒரு குடும்பத்தின் மீதிருந்த ஐயம் நீங்கும். ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பெருநாளைக்கு முஆனக்கா செய்வதைவிட அது மேலானது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் கைபரில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) கொலையுண்டு கிடந்தார். அவ்வூர் யூதர்கள் மீது உறவினர்களுக்கு ஐயம். கண்டவர் எவருமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் சான்று கேட்டார்கள். சத்தியம் செய்கிறீர்களா என்று கேட்டார்கள். பாராததற்கு எவ்வாறு சத்தியம் செய்வோம் என்றார்கள் உறவினர். சான்றின்றி எவரையும் தண்டிக்கவில்லை. ஆனால் ஒரு முஸ்லிமின் இரத்தம் கேட்பாரற்றுப் போகவும் விடவில்லை. நூறு ஒட்டகங்களை இரத்த ஈடாகத் தாமே கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது விரிவாக வருகிறது. நம் ஜமாஅத் கூட்டங்களில் இந்த வரலாற்றை நான் கேட்டதில்லை.

தொடர்களில் வரும் அந்த மனம் நொந்த அதிகாரியைப் பற்றியும் ஒரு சொல். அது முற்றிலும் கற்பனையன்று. கதையில் அவருக்கு ஒரே வழக்கு. மழையில் நனைந்துகொண்டு அதையே எண்ணிக்கொண்டிருப்பார். நம்மூர் சார்பு ஆய்வாளரோ காலையில் பிரேத விசாரணை அறிக்கை எழுதி, பகலில் நீதிமன்றத்தில் நின்று, மாலையில் சித்திரைத் திருவிழாப் பாதுகாப்புக்கு ஓட வேண்டியவர். அவர் பார்க்கும் மரணங்களில் குழந்தைகளுடையவும் உண்டு. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண்சிசுக்கள் எருக்கம்பாலிலும் நெல்மணியிலும் மடிந்ததை 1980களின் நடுவில் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையாக அதை வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. வலிப்பு, காய்ச்சல், பால் புரையேறியது என்றே ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். தோண்டிப் பார்க்கப் போன அதிகாரியின் முன்னால் நின்றவள், ஈன்று சில நாளே ஆன தாய். அவளும் ஒரு காலத்தில் தப்பிப் பிழைத்த பெண்சிசுதான். அவளைக் கைது செய்தால் வீட்டில் இருக்கும் மற்ற பெண்பிள்ளைகள் என்னாவார்கள்? கைது செய்யாவிட்டால் அடுத்த சிசு என்னாகும்? இரண்டு பக்கமும் கூர்மையுள்ள கத்தியை வெறுங்கையால் பிடித்தவர்களின் நிலை அது. 1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம், சட்டத்தால் ஆகாததை இரக்கத்தால் செய்ய முயன்றது. முதலில் சேலத்தில் தொடங்கி 2001இல் மதுரைக்கும் வந்தது. முழுமையாக வென்றதா என்பது வேறு பேச்சு.

அறியாமைக் காலத்து அரபிகளின் கதையும் இதுவே அல்லவா? தம் பெண்மக்களைப் புதைத்ததை பனூ தமீம் தலைவர் கைஸ் இப்னு ஆஸிம் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தாமே ஒப்புக்கொண்டதாக அறிவிப்புகளில் காண்கிறோம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அடிமையை விடுதலை செய்யுமாறு ஏவப்பட்டார். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடமே மறுமையில் கேள்வி கேட்கப்படும் என்பதைத் தக்வீர் அத்தியாயம் கூறுகிறது. கொன்றவனிடமல்ல, கொல்லப்பட்டவளிடம்! விசாரணை இறந்தவரிடமிருந்தே தொடங்குகிறது. பிரேதப் பரிசோதனை மேசையில் நடப்பதும் வேறென்ன?

காவலர்களின் மனவேதனையை அரசும் காலம் கடந்தாவது கண்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தின் துணையுடன் தமிழகக் காவலர்க்கு நிறைவாழ்வுப் பயிற்சி 2018இல் தொடங்கியது. இருந்தும் 2023 ஜூலையில் கோவைச் சரகத்தின் காவல்துறைத் துணைத் தலைவரே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மனுவோடு காவல் நிலையத்துக்குப் போகும் சகோதரி இதை நினைவில் கொள்ளட்டும். மேசைக்கு அப்பாலிருப்பவர் கடுகடுத்துப் பேசினால் அழுதுகொண்டு திரும்பிவிட வேண்டாம். அவர் அன்று எதைப் பார்த்துவிட்டு வந்தாரோ! மறுநாள் போங்கள், அதற்கு மறுநாளும் போங்கள்.

இரண்டாவது கேள்வியைக் கடைசிக்கு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

பையனைத் துருவிக் கேட்காதீர்கள். மறக்கவும் விடாதீர்கள். இரண்டும் ஒன்றையே செய்யும். அவன் வாயை அடைக்கும். "கதவை யார் பூட்டினார்கள்? சாச்சாவா?" என்று நீங்கள் கேட்டுவிட்டால், நாளை அவன் கூறுவது அவனுடைய சொல்லா உங்களுடைய சொல்லா என்று நீதிமன்றம் ஐயுறும். அவனும் ஐயுறுவான். குழந்தையின் சாட்சியத்துக்கு வயது வரம்பு எதையும் நம் சட்டம் வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு விடை கூறத் தெரிந்தால் போதும். அவன் தானாக ஏதேனும் சொன்னால், குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அவன் சொன்ன சொற்களையே தேதியிட்டு எழுதி வையுங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று மட்டும் கூறுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் நெஞ்சில் இருப்பது பெரும்பாலும் அச்சம் மட்டுமன்று. "நான் கதவைத் திறக்கவில்லையே" என்ற குற்ற உணர்வும் அங்கே இருக்கக்கூடும். அதை வைத்துக்கொண்டுதான் அவன் தாழ்ப்பாளைக் கண்டு நடுங்குகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரே இதை உறுதி செய்ய வேண்டும்.

ஆம், மருத்துவர்தான். தண்ணீர் ஓதி ஊற்றுவதைத் தடுக்கமாட்டேன். துஆவும் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் இராசாசி அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவும் அங்கே உண்டு, கட்டணமில்லை. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்" என்று உறவினர் பேசுவார்கள். பேசட்டும். படுக்கை நனைவதற்காக அவனை அடிக்கவோ, மற்றப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்யவோ எவரையும் விடாதீர்கள். தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் ஓர் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது. மூத்தவனின் கைப்பேசியைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

அவனிடம் காவலர் கேட்க வேண்டிய நிலை வந்தால், அவனைக் காவல் நிலையத்துக்கு அழைக்கக் கூடாது. பதினைந்து வயதுக்குட்பட்டவனை அவன் இருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பணிவாக, உறுதியாகச் சொல்லுங்கள். அவன் அருகில் நீங்கள் இருங்கள். அவன் சார்பில் பேசாதீர்கள்.

"மன்னித்துவிட்டால் போகிறது, குடும்பத்தை ஏன் உடைக்கிறாய்" என்று உங்கள் மச்சான் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் யூசுப் அத்தியாயத்தை இன்னும் ஒருமுறை ஓதிப் பார்க்கச் சொல்லுங்கள். அரசர் ஆளனுப்பிச் சிறையிலிருந்து வெளியே வரச் சொன்னபோது, யூசுப் நபி உடனே எழுந்து போகவில்லை. கைகளை அறுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்னவென்று முதலில் விசாரிக்கட்டும் என்று திருப்பியனுப்பினார்கள். விசாரணை முடிந்தது, உண்மை வெளிவந்தது, பின்புதான் சிறைக் கதவைத் தாண்டினார்கள். சகோதரர்களை மன்னித்ததும் அவ்வாறே. நாங்கள் தவறிழைத்தோம் என்று அவர்கள் வாயால் ஒப்புக்கொண்ட பின்னரே, இன்று உங்கள்மீது பழியில்லை என்ற சொல் வந்தது. அதன்பின் அவர்களை நாணச் செய்யவுமில்லை. தம்மைச் சிறையிலிருந்து மீட்ட இறைவனின் அருளை நினைவுகூர்ந்தவர்கள், கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று விரிவுரையாளர்கள் வியந்து எழுதுகிறார்கள். உண்மை வருமுன்னே மன்னிப்பை வாங்கிக்கொள்ள முடியுமென்று அந்த அத்தியாயத்தில் நான் எங்கும் காணவில்லை. மேலும், இறந்தவளின் சார்பில் மன்னிக்க உங்கள் மச்சானுக்கு உரிமை தந்தது யார்?

ஜமாஅத் நிர்வாகிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதை அறிவேன். மையவாடிப் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வயது, தேதி எழுதுகிறீர்கள். மரணத்தின் காரணம், அதைச் சொன்ன மருத்துவர் யார் என்று இரண்டு கட்டங்களைக் கூடுதலாக வரைந்துவிட்டால் என்ன? ஐம்பது வயதுக்குட்பட்டவர் திடீரென இறந்தால் மருத்துவர் சான்று வரும்வரை குழி வெட்டுவதில்லை என்று ஒரு தீர்மானம் போதும். பெண்ணாயிருந்தால் அவளுடைய தாய்வீட்டார் வந்து முகம் பார்க்கும்வரை பொறுப்பது அதைவிட முக்கியம். தாய்வீட்டுக்குச் செய்தி போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்த ஜனாஸாக்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஒருவரை மறந்துவிட்டோம். மையித்தைக் குளிப்பாட்டும் பெண்மணி. காவலரும் மருத்துவரும் பார்க்காத உடலை அவர் பார்த்திருக்கிறார். கழுத்தில் தழும்பா, முதுகில் கன்றலா, கையில் சூடா என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். மையித்தின் குறையை வெளியில் சொல்லக் கூடாது என்று நாம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம், சரியே. ஆனால் காயம் மையித்தின் குறையன்று, காயப்படுத்தியவனின் குறை. நீதிக்காகக் கேட்கப்பட்டால் அதைச் சொல்வது சாட்சியம் கூறுவதாகும். சாட்சியத்தை மறைப்பதுதான் பாவம். ஊருக்கு இருவரோ மூவரோ இருக்கும் அத்தாய்மார்களை அழைத்து இதைத் தெளிவாகச் சொல்ல ஆலிம்கள் முன்வர வேண்டும். கோச்சடைச் சகோதரியே, அந்த ஊரில் அன்று குளிப்பாட்டியவர் யாரென்று விசாரியுங்கள். அவர் வீட்டுக்குப் போய், ஸலாம் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். இந்த ஏழு மாதத்தில் அவரிடம் எவரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வஸ்ஸலாம்.